வில்லுக்கு ஏற்ற அம்பு

பார்வைக்கு நேராகத் தெரியும் அம்பு, நாணிலிருந்து விடுபடும் கணத்தில் வளைகிறது. விரலால் நாணை விடும் ரிகர்வ் வில்லில் இந்த வளைவு பக்கவாட்டில் நிகழும். வில்லின் நடுப்பகுதியை விலகிக் கடந்த பிறகும் அம்பு இருபுறமும் நெளிந்தபடி பறந்து மெல்ல நிலைக்கு வரும். வில்லின் விசைக்கு இந்த நெளிவு பொருந்தாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய அம்பும் குறி தவறும். அம்பைத் தேர்ந்தெடுப்பது தண்டின் விறைப்பிலிருந்தே தொடங்குகிறது.

விறைப்பின் அளவை ‘ஸ்பைன்’ என்பார்கள். 28 அங்குல இடைவெளியில் தாங்கிகளை வைத்து, அவற்றின்மேல் தண்டைக் கிடத்தி, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிடுவார்கள். தண்டு அரை அங்குலம் தாழ்ந்தால் அதன் ஸ்பைன் 500, 0.34 அங்குலம் தாழ்ந்தால் 340. எண் குறையக் குறைய விறைப்பு கூடும். இழுவிசை மிகுந்த வில்லுக்கு விறைப்பான தண்டு வேண்டும். ஆனால் ஒரே தண்டு நீளமாக இருந்தாலோ கனத்த முனையைத் தாங்கினாலோ கூடுதலாக வளையும். ஆகவே இழுவிசை, அம்பின் நீளம், முனையின் எடை ஆகிய மூன்றையும் சேர்த்தே தயாரிப்பாளரின் அட்டவணையைப் பார்க்க வேண்டும். நாணை இழுக்கும் தூரம் இன்னும் நிலைப்படாத புதியவருக்கு ஓரிரு அங்குலம் நீளமான அம்பே நல்லது. குட்டையான அம்பு வில்லில் உள்ள அம்புத் தாங்கியிலிருந்து பின்னால் நழுவிக் கையைக் கிழித்துவிடும்.

அட்டவணை சொன்னது சரிதானா என்பதை எய்துதான் அறிய முடியும். இறகு ஒட்டியவற்றோடு இறகில்லாத அம்பு ஒன்றையும் எய்ய வேண்டும். வலக்கை வீரரின் ரிகர்வ் வில்லில் இறகில்லாத அம்பு மற்றவற்றுக்கு இடப்பக்கம் தைத்தால் விறைப்பு அதிகம். வலப்பக்கம் என்றால் குறைவு.

ஒலிம்பிக் ரிகர்வ் போட்டியில் இலக்கு 70 மீட்டர் தொலைவில் இருக்கும். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 12.2 செ.மீ. மட்டுமே. அங்கே பெரும் எதிரி காற்று. அதனால் காற்று தள்ளுவதற்கு இடம் கொடுக்காத மெல்லிய தண்டே உகந்தது. காற்றில்லாத உள்ளரங்கில், 18 மீட்டரில், கணக்கு தலைகீழாகிறது. அம்பு கோட்டைத் தொட்டாலே உயர்ந்த புள்ளி என்பதால் பருத்த தண்டு ஆதாயம் தருகிறது. உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் விதி 9.3 மி.மீ. வரை அனுமதிக்கிறது. 2315 என்று எண்ணிட்ட அலுமினியத் தண்டு இங்கே பொருந்தும்: அதன் விட்டம் அங்குலத்தில் 23/64, சுவரின் தடிமன் 15/1000. போட்டிக்கு எடுக்கும் அம்புகள் எல்லாம் எடையிலும் விறைப்பிலும் ஒன்றுபோல் இருப்பது இலகுவாக இருப்பதைவிட முக்கியம்.

வேட்டை அம்பின் கடமை வேறு. வில்வேட்டை சட்டப்படி நடக்கும் அமெரிக்காவில் மான் போன்ற விலங்குகளுக்கு மொத்தம் 400 முதல் 500 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 26 முதல் 32 கிராம் எடையுள்ள அம்பைப் பலர் எடுக்கிறார்கள். கனமான அம்பு ஆழமாக ஊடுருவும்; வில்லின் ஓசையையும் குறைக்கும். அம்பு கொல்வது குருதிப்போக்கால். எனவே ‘பிராட்ஹெட்’ எனும் அலகு முனை சவரக்கத்திபோல் கூராக இருக்க வேண்டும். மழுங்கிய முனை விலங்கை நீண்ட நேரம் துடிக்க வைக்கும். நிலையான அலகுகள் முன்னால் இருந்து காற்றைப் பிடிப்பதால், அம்பை நேராக்கப் பெரிய இறகுகளைச் சற்றே முறுக்கி ஒட்டுகிறார்கள். பட்டதும் விரியும் அலகுகள் நேராகப் பறந்தாலும், விரிவதற்கே விசையில் ஒரு பங்கைச் செலவிடும். இழுவிசை குறைந்த வில்லுக்கு அவை ஏற்றவை அல்ல. பயிற்சி முனையும் பிராட்ஹெட்டும் ஒரே எடையில் இருந்தாலும் ஒரே இடத்தில் தைக்கும் என்ற உறுதி இல்லை. வேட்டைக்கு முன் இரண்டையும் எய்து பார்ப்பது அவசியம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடைசெய்துள்ளதால், இங்கு வாங்கப்படும் அம்பு இலக்குக்கானதே.

எடையைக் குறைப்பதற்கும் எல்லை உண்டு. கப்பிகள் பொருத்திய காம்பவுண்ட் வில்லுக்கு இழுவிசையின் ஒவ்வொரு பவுண்டுக்கும் குறைந்தது 5 கிரெய்ன் என்பது பரவலான வரம்பு. 60 பவுண்டு வில்லுக்கு 300 கிரெய்ன். அதற்கும் இலகுவானால், அம்பில்லாமல் நாணை விட்டதுபோல் விசை வில்லின்மீதே திரும்பி அதை உடைக்கக்கூடும். கார்பன் தண்டை ஒவ்வொரு முறையும் எய்வதற்கு முன் மெல்ல வளைத்து, விரிசல் ஓசை கேட்கிறதா என்று கவனிக்க வேண்டும். விரிசல் விட்ட தண்டு எய்யும்போது சிதறிக் கையில் பாயும்.