உருகிக் காக்கும் கம்பி

கொல்லிமலையின் அடிவாரத்தில் பேளுக்குறிச்சி என்னும் ஊர் உள்ளது. அங்குக் கூடும் வாரச் சந்தை, மிளகு, சீரகம் முதலிய நறுமணப் பொருள்களுக்குப் பெயர் பெற்றது. சந்தைக்குச் சரக்கேற்றும் வண்டிக்காரர், அச்சுத் தாங்கும் பாரத்தை அறிந்தே மூட்டைகளை அடுக்குவர். மூட்டை ஒவ்வொன்றும் சிறிதாயினும், தொகை மிகுந்தால் அச்சு முறியுமன்றோ? மயிலிறகு ஏற்றிய வண்டிக்கும் இவ்விதி உண்டென்பதை, வலியறிதல் என்னும் அதிகாரத்தில் திருவள்ளுவர் உணர்த்தினார். நம் இல்லத்துச் சுவர்களில் ஓடும் மின்கம்பிக்கும் இவ்விதி பொருந்தும்.

மின்னோட்டத்தை ஆம்பியர் என்னும் அளவையாற் கூறுவர். மின்னோட்டம் பாயுங்கால் கம்பி வெப்பமடையும். மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்மடங்காகும். இவ்வுண்மையை 1840-ஆம் ஆண்டளவில் ஜூல் என்னும் ஆங்கிலேய அறிஞர் ஆராய்ந்து கண்டார். வெப்பம் அளவு கடந்தால் கம்பியின் மேலுறை இளகித் தீப்பற்றும். அக்கேட்டினைத் தடுப்பதே உருகு கம்பியின் தொழில். இதனை மக்கள் ‘பியூஸ்’ என வழங்குவர். வெள்ளீயம் பூசிய மெல்லிய செம்புக் கம்பியைப் பீங்கான் கட்டையில் பொருத்தியிருப்பர். அளவு மீறிய மின்னோட்டம் வந்தவுடன், அது தான் முதலில் உருகி அறுந்து, வீட்டைக் காக்கும்.

அறுந்ததற்கு மாற்றாக எத்தனை ஆம்பியர் கம்பியைக் கட்டுதல் வேண்டும்? கருவிகளின் வாட் அளவுகளைக் கூட்டி, நம் வீடுகளுக்கு வரும் மின்னழுத்தமாகிய 230 வோல்ட்டால் வகுத்தல் வேண்டும். ஒரே மின்வழியில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒன்றும், 500 வாட் மிக்சி ஒன்றும், 75 வாட் மின்விசிறி இரண்டும், 10 வாட் விளக்கு ஐந்தும் இயங்குவதாகக் கொள்வோம். கூட்டுத்தொகை 1700 வாட். வகுத்தால் ஏறத்தாழ 7.4 ஆம்பியர். ஆதலின், அதற்குச் சற்று மேற்பட்ட 10 ஆம்பியர் கம்பி ஏற்றதாகும்.

ஆயினும், கணக்கு இத்துடன் முடிந்துவிடவில்லை. சுவரில் ஓடும் கம்பி 10 ஆம்பியரைத் தாங்குமா என்பதையும் ஆராய்தல் வேண்டும். தாங்காதெனின், அவ்வழியில் இயங்கும் கருவிகளைக் குறைக்க வேண்டுமேயன்றி, உருகு கம்பியைத் தடிப்பாக்குதல் கூடாது. கருவிகளின் தேவைக்கு மேற்பட்டும், சுவர்க்கம்பியின் வலிமைக்கு உட்பட்டும் நிற்பதே தக்க அளவாகும்.

சிலர், அடிக்கடி அறுகின்றதே என்று சலித்து, தடித்த செம்புக் கம்பியைக் கட்டுவர். அல்லது இரண்டு மூன்று இழைகளை முறுக்கிக் கட்டுவர். விளக்கு எரியும், இடர் நீங்கியது என்று மகிழ்வர். உண்மையில் அவர்கள் வாயிற்காவலனை விலக்கிவிட்டனர். இனி உருகப்போவது சுவர்க்கம்பியே. மீண்டும் மீண்டும் அறும் கம்பி, பாரம் மிகுந்ததென்றோ, எங்கோ பழுது நேர்ந்ததென்றோ அறிவிக்கின்றது. அக்குறையைக் கண்டு களைதலே அறிவுடைமை.

இக்காலத்தில் வீடுகள் பலவற்றில், உருகு கம்பிக்கு மாற்றாக ‘எம்.சி.பி.’ என்னும் தானியங்கி சுவிட்சை அமைக்கின்றனர். அதனைத் தேர்வதற்கும் இவ்விதியே உரியது.

மாணவர்களே! பியூஸ் கட்டையை நீங்கள் தொடவேண்டா. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பணியறிந்தவர் செய்யவேண்டிய வேலை அது. ஆனால், கருவிகளின்மேற் பொறித்துள்ள வாட் அளவைப் படித்துக் கூட்டி வகுத்தல் உங்களால் இயலும். அக்கணக்கை இன்றே எழுதிப் பெற்றோரிடம் காட்டுங்கள். சிறு கம்பி ஒன்று உரிய அளவில் இருப்பின், குடும்பம் அச்சமின்றி உறங்கும்.