அந்தக் கேள்வியெல்லாம் எதற்கு?

பிள்ளைச்சாவடியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். தெருக்கோடிப் பெண் எட்டு மாதக் குழந்தையோடு வந்தாள். கர்ப்பப் பரிசோதனையில்தான் எச்.ஐ.வி. இருப்பது அவளுக்குத் தெரிந்தது. சுகாதாரப் பணியில் இருந்தவள் என்பதால் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

"அக்கா, மருந்து வாங்கற இடத்துல ஏதோ ஆய்வுன்னு உக்கார வச்சிட்டாங்க. மாத்திரை விட்டுப்போச்சா, வீட்டுக்காரர் சோதனை பண்ணிக்கிட்டாரா, ஆணுறை உபயோகிக்கிறீங்களான்னு ஒரே கேள்வி. கூசிப்போச்சு! இனிமே அந்தப் பக்கமே போகமாட்டேன்."

எனக்குப் பகீரென்றது. மருந்தை நிறுத்தினால் அவள் கதி? பால் குடிக்கும் குழந்தையின் கதி?

"உன்னைக் குத்தம் சொல்லக் கேக்கலைம்மா" என்று விளக்கினேன்.

1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் நிர்மலாவும்தான் இந்தியாவில் முதன்முதலில் இந்தக் கிருமியைக் கண்டறிந்தார்கள். ரத்தச் சோதனை யாருக்கு இருக்கிறது என்று சொல்லும். எப்படிப் பரவுகிறது, எங்கே தடுக்கலாம் என்பதை மனிதர்கள் வாய்திறந்தால்தான் அறியலாம். அதனால்தான் தமிழ்நாட்டில் 1996 முதல் லாரி ஓட்டுநர்கள் உட்படப் பலரிடம் பழக்கவழக்க ஆய்வு நடத்தினார்கள். பத்துப் பேர் மாத்திரையை விட்டதற்குப் பஸ் செலவு காரணம் என்றால், வேண்டியது உபதேசமல்ல. ஒரே தடவையில் கூடுதல் நாளுக்கு மருந்து!

மருந்தோ தடுப்போ இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்கு 100-க்கு 15 முதல் 45 வரை தொற்றலாம். முறையான சிகிச்சையில் 5-க்கும் கீழே இறங்கிவிடும். தவறாமல் மாத்திரை சாப்பிட்டு, சோதனையில் தெரியாத அளவுக்குக் கிருமி குறைந்து அப்படியே நீடித்தால், தாம்பத்திய உறவில் துணைக்குப் பரவாது.

சகோதரிகளே, ஆய்வு என்று யாராவது வந்தால் முதலில் கேளுங்கள்: பெயர் எழுதுவீர்களா? தனியறை உண்டா? பிடிக்காத கேள்வியை விடலாமா? சம்மதமில்லாமல் ஆய்வில் சேர்க்கக் கூடாது. ஒருவரின் நிலையை வெளியே சொல்லவும் கூடாது. 2017-ல் இயற்றி, 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் உள்ள சட்டம் தரும் பாதுகாப்பு இது. பதில் சொல்ல மறுத்தாலும் மருந்து உங்கள் உரிமை.

"அப்போ வேண்டாம்னு சொல்லியிருக்கலாமாக்கா?"

"சொல்லியிருக்கலாம். அதை அவங்க முதல்லயே சொல்லியிருக்கணும்."

மறுவாரம் மருந்து வாங்கக் கிளம்பினாள். குழந்தை என் மடியில் தூங்கியது. 18-ஆம் மாதக் கடைசிப் பரிசோதனை வரை அதற்கும் கவனிப்பு வேண்டுமே!