பந்தயத் தடத்தில் நீடித்து உழைக்கும் கார் எது?

துபாயில் 2025 ஜனவரியில் நடைபெற்ற 24 மணி நேரக் கார்ப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடத்தைப் பெற்ற செய்தி வந்தது முதற்கொண்டு, அதற்குச் சில மாதங்கள் முன்பே சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவு விளக்குகளின் ஒளியில் ஃபார்முலா 4 கார்கள் சீறிப் பாய்ந்ததைக் கண்டு மனத்தைப் பறிகொடுத்திருந்த இளைஞர்கள் பலர், தாங்களும் டிராக்கில் கார் ஓட்ட வேண்டும் என்ற ஆசையை வெளிப்படையாகவே பேசத் தொடங்கியிருக்கிறார்கள். பெரம்பலூரும் அரியலூரும் இதற்கு விலக்கல்ல. ஆசையில் தவறேதும் இல்லை. ஆனால் அது காராக உருவெடுக்கும் தறுவாயில் கேட்கப்படுகிற முதற்கேள்வி 'எத்தனை குதிரைசக்தி?' என்பதாக இருப்பதுதான் விசாரத்துக்குரியது. தடத்தில் ஒரு காரின் ஆயுளை நிர்ணயிப்பது, அந்தச் சக்தியால் பிறக்கும் உஷ்ணத்தை அது எவ்வளவு விரைவில் வெளியேற்றுகிறது என்பதே.

அஜித்தின் அணி ஓட்டிய போர்ஷே 911 ஜிடி3 கப், சாலையில் ஓட்டுவதற்கான வண்டியே அல்ல. இத்தனை மணி நேரம் ஓடியதும் என்ஜினைப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும் என்ற கணக்கோடு, பந்தயத்துக்கென்றே கட்டப்பட்டு, மெக்கானிக்குகளின் கூட்டம் ஒன்றால் பராமரிக்கப்படும் யந்திரம். நம்மூர் ஆர்வலரின் நிலைமை வேறு. பெரம்பலூரிலிருந்து வடக்கே இருங்காட்டுக்கோட்டையில், 1990ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள சென்னைப் பந்தயத் தடமும், மேற்கே கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள காரி ஸ்பீட்வேயும் ஏறக்குறைய சமதூரத்தில், அதாவது தலா சுமார் 250 கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றன. காரை வேறொரு வண்டியில் ஏற்றிச் செல்லும் வசதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆகவே, விடியற்காலையில் புறப்பட்டு, அத்தனை தூரம் நெடுஞ்சாலையில் பிரயாணம் செய்து, நண்பகல் வெயிலில் தடத்தைப் பல முறை சுற்றி, மாலையில் ஏ.சி. போட்டுக்கொண்டு சௌக்கியமாக ஊர் திரும்பக்கூடிய காரையே இவ்விரு மாவட்டத்தாரும் உழைக்கும் கார் என்று கொள்ள வேண்டும்.

உஷ்ணத்தின் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். 1,400 கிலோ எடையுள்ள ஒரு கார், நேர்பாதையின் முடிவில் மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 80 கிலோமீட்டருக்குத் தணியும்போது சுமார் 14 லட்சம் ஜூல் சக்தி பிரேக்குகளில் வெப்பமாக மாறுகிறது. நாலரை லிட்டருக்கு மேற்பட்ட நீரைச் சாதாரண நிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான இவ்வெப்பம், நாலு இரும்புத் தட்டுகளில் மூன்று நான்கு விநாடிகளுக்குள் இறங்குகிறது. சாலையில் இப்படி ஒரு பிரேக் எப்போதோ ஒரு தடவை. தடத்திலோ ஒவ்வொரு சுற்றிலும் பல தடவை, முந்தைய சூடு ஆறுவதற்குள் அடுத்த சூடு. டாட் 4 ரகத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் 230 டிகிரி வரையிலேனும் கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஆனால் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் சுபாவமுடையதாகையால், நாளடைவில் நீர் கலந்துவிட்ட நிலையில் 155 டிகிரி தாங்கினாலே போதும் என்று அதே விதி இடங்கொடுக்கிறது. கொதித்த ஆயிலில் ஆவிக் குமிழ்கள் தோன்ற, மிதிக்கும் பெடல் எதிர்ப்பின்றித் தரைவரை இறங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையெல்லாம் கண்ட பழைய ஆயிலோடு தடத்தில் இறங்குபவர், எவ்வளவு விலையுயர்ந்த கார் வைத்திருந்தாலும் அபாயத்தில்தான் இருக்கிறார்.

பழகிய ஓட்டுநரை அவர் ஓட்டும் வேகத்தைவிட, ஓட்டி முடித்தபின் செய்யும் காரியங்களைக் கொண்டே எளிதில் கண்டுகொள்ளலாம். கடைசிச் சுற்றை பிரேக்கை அதிகம் தொடாமல் மெதுவாகச் சுற்றிக் காற்றால் குளிரவைத்து உள்ளே வருவார். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக்கை இழுக்கமாட்டார், ஏனெனில் பழுக்கக் காய்ந்த டிஸ்க்கைப் பேட் இறுகப் பற்றிக்கொண்டு நின்றால் அந்த இடத்தில் தழும்பு விழுந்து, பின்னர் ஒவ்வொரு தடவையும் பிரேக் அதிரும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல்லொன்றை அண்டைகொடுத்து, உடனே டயரின் காற்றை அளப்பார்.

பிரேக்குக்கு அடுத்தது என்ஜின் ஆயில். நீண்ட வளைவில் வேகமாகத் திரும்பும்போது ஆயில் முழுவதும் தொட்டியின் ஒரு பக்கமாக ஏறி ஒதுங்க, பம்பு ஒரு கணம் காற்றை உறிஞ்சுகிறது. அந்த ஒரு கணத்தில் ஆயில் படலம் அறுபட்ட பேரிங் மறுபடி பழைய நிலைக்கு வருவதில்லை. உயர்தரக் கார்கள் சிலவற்றில் ஆயிலைத் தனித் தொட்டியில் வைத்துப் பம்பு செய்யும் 'டிரை சம்ப்' ஏற்பாடு இருப்பதற்கு இதுவே காரணம். இவ்வளவு முன்னேற்பாடு இருந்தும் பெரிய பெயர்கள் சறுக்கியிருக்கின்றன. 2014ஆம் ஆண்டில் புதிய போர்ஷே 911 ஜிடி3 கார்கள் இரண்டு ஐரோப்பாவில் தீப்பிடித்து எரிய, கனெக்டிங் ராடின் திருகு தளர்ந்ததே காரணம் என்று கண்டறிந்த அந்நிறுவனம், விற்ற 785 கார்களுக்கும் என்ஜினையே மாற்றிக் கொடுத்தது. 650 குதிரைசக்தியோடு வந்த 2015ஆம் ஆண்டு கார்வெட் இசட்06, தடத்தில் சில சுற்றுகளிலேயே சூடேறித் தன் சக்தியைத் தானே குறைத்துக்கொண்டதாகப் புகார்கள் எழ, 2017ஆம் ஆண்டு மாடலில் பானெட்டின் காற்றுத் திறப்புகளைப் பெரிதாக்க நேர்ந்தது. வாங்குகிறவர் ஒரு மாடலின் முதல் ஆண்டுக் காரைத் தவிர்த்து, குறைகள் வெளிப்பட்டுத் திருத்தப்பட்ட பின்னர் வந்த காரை நாடுவது உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

சூட்டைக் குறைக்கும் வழிகளில் செலவு குறைந்தது எடையைக் குறைப்பதே. முன் சொன்ன கணக்கில் 1,400 கிலோவுக்குப் பதில் 1,000 கிலோ என்று வைத்தால், பிரேக்கில் இறங்கும் வெப்பம் அதே விகிதத்தில் 10 லட்சம் ஜூலாகக் குறைகிறது. டயரும் பேட்டும் ஆயிலும் அதற்கேற்ப நீடிக்கின்றன. தமிழ்நாட்டுப் பந்தய சரித்திரமே இதற்குச் சாட்சி. சோழவரத்து விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்த காலத்தில் பெருந்தனவந்தர்கள் வெளிநாட்டுக் கார்களைக் கொண்டுவந்து ஓட்டியதுண்டு. ஆனால் சாமானியருக்கும் கதவைத் திறந்துவிட்டவர், மாருதி 800 காரின் சின்னஞ்சிறு என்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டிய கோயம்புத்தூர் கரிவரதனே. 2005ஆம் ஆண்டில் ஃபார்முலா 1 பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயன் இளமையில் பழகியது அத்தகைய காரில்தான். இன்றைக்கும் புதியவர்கள் பயிலும் எல்.ஜி.பி. ஃபார்முலா 4 காரில் இருப்பது ஸ்விஃப்ட் என்ஜின். சிறிய என்ஜினில் கற்றவனுக்கு, வளைவில் இழந்த வேகத்தைச் சக்தியால் ஈடுகட்டும் சௌகரியம் இல்லாததால், வேகத்தை இழக்காமல் வளைவதற்கான சாமர்த்தியம் தானே வந்துவிடுகிறது.

டயரைப் பற்றிப் பேசும்போது பெரம்பலூர்க்காரருக்கு ஒரு பெருமிதம் தோன்றுவது இயல்பு. திருவொற்றியூரில் 1946இல் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் பெரிய ஆலைகளில் ஒன்று இம்மாவட்டத்து நாரணமங்கலத்தில் இருக்கிறது. அந்நிறுவனத்தின் டயர்களில் ஓடிய ஸ்பெயின் வீரர் எஃப்ரேன் யரேனா 2022ஆம் ஆண்டில் ஐரோப்பிய ராலிப் பட்டத்தை வென்றார். அந்தப் பந்தய டயர்கள் இங்கேதான் உருவாகின்றன என்று சொல்ல வரவில்லை. சாதாரண ஆர்வலருக்கு வேண்டிய விஷயம் காற்றழுத்தம்: காலையில் 26 பி.எஸ்.ஐ. அடித்த டயர், உள்ளிருக்கும் காற்று 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடேறினால் 32 பி.எஸ்.ஐ.யைத் தாண்டிவிடும். பெட்ரோல் பங்கில் சாலைக்கென்று அடித்த காற்றோடு அப்படியே தடத்தில் இறங்குபவரின் டயர், நடுவில் உப்பி, ஓரங்களில் பிடிப்பில்லாமல், நாலைந்து சுற்றில் வழுக்கத் தொடங்குவதற்கு இதுவே காரணம்.

எந்தக் கார் என்ற கேள்விக்கு வருவோம். வெளிநாட்டார் பெரிதும் சிபாரிசு செய்யும் மாஸ்டா எம்எக்ஸ்-5, டொயோட்டா ஜிஆர்86 போன்ற எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார்கள் இந்தியச் சந்தையில் விற்கப்படுவதில்லை. முழுதாக இறக்குமதியாகும் விலையுயர்ந்த கார்களுக்குத் தீர்வையே காரின் விலையை எட்டிப்பிடிக்கிறது. கோடிகள் ஒரு பொருட்டல்ல என்பவருக்கு, திருத்தங்கள் செய்யப்பட்ட பிற்கால ஜிடி3 காரைவிடத் தடத்தையே நினைத்துக் கட்டப்பட்ட சாலைக் கார் வேறொன்றை நான் சொல்லமாட்டேன். நடுத்தரத்தில், 230 குதிரைசக்தியுள்ள ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். குடும்பத்தோடு பயணம் செய்யவும் உதவும். எனினும் அதன் எடை 1,400 கிலோவுக்கு மேல் என்பதை மறக்கலாகாது. என் வாக்கு, செகண்ட் ஹேண்டில் கிடைக்கும் ஃபோக்ஸ்வாகன் போலோ 1.0 டிஎஸ்ஐ மேனுவல் காருக்கே. 110 குதிரைசக்திதான், கேட்பவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். ஆனால் அந்நிறுவனம் 2010இல் இந்தியாவில் ஒரே ரகக் கார்களின் பந்தயத்தைத் தொடங்கியபோது தேர்ந்தெடுத்தது போலோவையே; ஆகையால் அதன் பலமும் பலவீனமும் நம் மெக்கானிக்குகளுக்கு நெடுங்காலமாகப் பரிச்சயம். இதற்கு முன் 1.2 டிஎஸ்ஐ என்ஜினோடு வந்த, உலர் கிளட்ச் கொண்ட ஆட்டோமேட்டிக் போலோ சூட்டில் சோர்வதால் அதைத் தவிர்க்கலாம். உற்பத்தி 2022இல் நின்றுவிட்டபடியால், பொறுத்திருந்து நல்ல கார் தேட வேண்டும்.

அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி வைத்திருப்பவர் வண்டி வாங்கும்போது, அது எவ்வளவு வேகம் போகும் என்று கேட்பதில்லை. ஒரு நாளைக்கு எத்தனை நடை அடிக்கும், உதிரிப்பாகம் திருச்சியில் கிடைக்குமா, அதை மாற்ற எத்தனை நாள் வண்டி நிற்கும் என்றே கேட்கிறார். டிராக் கார் வாங்குபவர் கேட்க வேண்டியவையும் இவைதான். பழைய காரைப் பார்க்கும்போது பிரேக் டிஸ்க்கின் முகத்தில் மயிரிழை வெடிப்புகள் இருக்கின்றனவா, ஓரத்தில் நகம் மாட்டும்படி விளிம்பு எழும்பியிருக்கிறதா, பிரேக் ஆயில் காப்பி நிறத்துக்குக் கறுத்துவிட்டதா, டயரின் தோள்பட்டையில் ரப்பர் உருண்டு திரண்டிருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதே பாதிப் பரீட்சை. இம்மாவட்டத்துக்கென்று தனியாக ஒன்றும் உண்டு: சிமெண்ட் ஆலைகளுக்குப் போகும் சாலைகளின் வெண்புழுதி ரேடியேட்டர், இன்டர்கூலர் தகடுகளின் இடுக்கில் படிந்து, ஈரம் பட்டதும் கெட்டியாகிவிடும். வெளியே பளபளக்கும் கார், தடத்தில் பத்தாவது நிமிஷத்தில் சூட்டு முள்ளைச் சிவப்புக்கு ஏற்றிவிடுவதற்கு இதுவும் காரணமாகலாம். டார்ச் விளக்கை அடித்து அந்த இடுக்கைப் பார்க்கத் தயங்கக்கூடாது.

செலவுக் கணக்கில் பலர் விட்டுவிடுவது இன்ஷூரன்ஸ். சாதாரண மோட்டார் பாலிசியில் ஒழுங்குசெய்யப்பட்ட பந்தயம், வேகப் பரிசோதனை ஆகியவற்றுக்குக் காரைப் பயன்படுத்துவது விலக்கப்பட்டிருக்கிறது. தடத்தில் சுவரில் மோதினால் நஷ்டம் முழுவதும் சொந்தக்காரருடையது. தடத்துக்குப் போகச் சோம்பி நான்குவழிச் சாலையில் பரீட்சித்துப் பார்க்கலாம் என்பவருக்கு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு முதற்குற்றத்துக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. அதே சாலையில் கல் லாரியும் கரும்பு டிராக்டரும் போகின்றன என்பதையும் அவர் அறிவார். வாங்கும் விலைக்கு மேல் ஒரு தொகையை முதலாண்டில் பிரேக் பேட், புதிய பிரேக் ஆயில், இரண்டு ஜோடி டயர், நல்ல ஹெல்மெட், பயிற்சிக் கட்டணம் என்று ஒதுக்கிவைத்துவிட்டு, அந்தப் பட்டியலின் அடியில், மாலை நாலு மணிக்கு இருங்காட்டுக்கோட்டையில் கிளட்ச் போய்விட்டால் காரை ஏற்றிக்கொண்டு பெரம்பலூர் வரை வரும் வண்டியின் வாடகையையும் எழுதிக்கொள்ள வேண்டும்.