தீர்ப்பை இறைவனிடம் விட்டுவிடுவோம்



லூக்கா நற்செய்தி 6ஆம் பிரிவு, 37ஆம் வசனத்தில் நம் ஆண்டவர் மூன்று காரியங்களைச் சேர்த்தே சொல்கிறார். பிறர்மீது தீர்ப்பிட வேண்டாம், கண்டனம் செய்ய வேண்டாம், மன்னிக்க வேண்டும். இவை ஒன்றாக வருவதற்குக் காரணம் உண்டு. ஒருவருக்கு நம் உள்ளத்தில் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டால், அங்கே மன்னிப்புக்கு இடமே இராது.

அப்படியானால் பாவத்தைப் பாவம் என்று சொல்லக் கூடாதா? விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை இயேசு தண்டிக்கவில்லை. ஆனால் இனிப் பாவம் செய்ய வேண்டாம் என்று சொல்லியே அனுப்பினார். செய்தது தவறு என்றார், செய்தவரைக் கைவிடவில்லை. "இவன் இப்படித்தான், திருந்தவே மாட்டான்" என்று நாம் சொல்லும்போதோ, இறைவனின் இருக்கையில் நாம் போய் அமர்ந்துகொள்கிறோம்.

இதை நம் நாட்டிலேயே ஒரு குடும்பம் வாழ்ந்து காட்டியது. கேரளத்தில் பிறந்த அருள்சகோதரி ராணி மரியா, மத்தியப் பிரதேசத்தின் உதயநகர் பகுதியில் ஏழை மக்களை வட்டிக்காரர்களின் பிடியிலிருந்து மீட்க உழைத்தவர். அது சிலருக்குப் பிடிக்கவில்லை. 1995 பிப்ரவரி 25 அன்று, பேருந்தில் பயணம் செய்தபோது, தூண்டிவிடப்பட்ட ஓர் இளைஞர் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார். அவர் உடலில் 54 காயங்கள். கொன்றவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

2002ஆம் ஆண்டு, ராணி மரியாவின் தங்கையான அருள்சகோதரி செல்மி பால் இந்தூர் சிறைக்குச் சென்றார். தம் அக்காவைக் கொன்ற கையில் ராக்கி கட்டி, அவரைச் சகோதரராக ஏற்றுக்கொண்டார். அவருடைய விடுதலைக்காகக் குடும்பத்தினரும் சபையினரும் முயற்சி எடுத்தார்கள். 2006இல் வெளியே வந்தவர், பிறகு கேரளத்துக்கே சென்று அந்தப் பெற்றோரைச் சந்தித்தார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியா அருளாளராக உயர்த்தப்பட்டபோது, அவரும் அங்கே இருந்தார்.

இங்கே இரண்டு காரியங்களைக் கவனியுங்கள். முதலாவது, நீதிமன்றம் தன் கடமையைச் செய்தது. மன்னிப்பு அதைத் தடுக்கவில்லை. ஆகவே, வீட்டில் அடி வாங்கும் ஒரு சகோதரியிடம், "மன்னித்துவிட்டு அங்கேயே இரு" என்று யாரும் சொல்லக் கூடாது. பாதுகாப்பைத் தேடுவது மன்னிப்புக்கு எதிரானது அல்ல. இரண்டாவது, ராக்கி கட்டிய அந்த நாள் வர ஏழு ஆண்டுகள் ஆயின. இன்றைக்கே மன்னிக்க முடியவில்லையே என்று நீங்கள் கலங்க வேண்டாம். மன்னிக்க விரும்புவதே முதல் படி.

நாம் தீர்ப்பிடும் காரியங்களோ எவ்வளவு சிறியவை! வரப்புத் தகராறில் அண்ணன் தம்பி பேச்சு நின்று பல ஆண்டுகள். கல்யாணத்துக்கு முறையாக அழைக்கவில்லை என்று ஒரு பகை. நற்கருணை வரிசையில் நிற்பவரைப் பார்த்து, "இவரெல்லாம் வாங்கலாமா?" என்று ஒரு முணுமுணுப்பு. அவர் நேற்று ஒப்புரவு அருட்சாதனம் பெற்றிருக்கலாம். அது நமக்கு எப்படித் தெரியும்? பிறருடைய சொல்லையும் செயலையும் முடிந்தவரை நல்லவிதமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்று திருஅவையின் மறைக்கல்வி நமக்குக் கற்றுத்தருகிறது.

இந்த வாரம் ஒன்று செய்வோம். நாம் தீர்ப்பு எழுதி ஒதுக்கிவைத்த ஒருவரின் பெயரை நினைவுக்குக் கொண்டுவருவோம். "எங்கள் தந்தையே" செபத்தில், மன்னிப்பைக் கேட்கும் இடம் வரும்போது, அந்தப் பெயரை மனத்துக்குள் சொல்லிச் செபிப்போம். முடிந்தால், அடுத்த முறை அவர் எதிரே வரும்போது முகத்தைத் திருப்பாமல் ஒரு வார்த்தை பேசுவோம்.

இரக்கமுள்ள தந்தையே, எங்களுக்கு நீர் காட்டும் பொறுமையை நாங்கள் பிறருக்குக் காட்ட அருள்தாரும். ஆமென்.