மிகைத் தைராய்டும் சத்து மாத்திரைகளும்

நன்றாகச் சாப்பிட்டும் உடல் இளைக்கிறது. மின்விசிறியின் கீழ் அமர்ந்தும் வியர்க்கிறது. நீட்டிய விரல்கள் நடுங்குகின்றன, நெஞ்சு படபடக்கிறது. இவை சேர்ந்து வந்தால் மருத்துவர் தைராய்டு சுரப்பியை ஐயுறுவார்.

கழுத்தின் முன்புறத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்த இந்த நாளமில்லாச் சுரப்பி, உணவிலுள்ள அயோடினைக் கொண்டு டி4, டி3 என்னும் ஹார்மோன்களை உண்டாக்குகிறது. உயிரணுக்கள் ஆற்றலைச் செலவிடும் வேகத்தை இவை கட்டுப்படுத்துகின்றன.

தானியங்கி இஸ்திரிப்பெட்டி போதிய அளவு சூடேறியதும் தானே மின்னோட்டத்தை நிறுத்திக்கொள்கிறதல்லவா? இங்கும் அதே ஏற்பாடுதான். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச். என்னும் ஹார்மோனை அனுப்பித் தைராய்டைத் தூண்டுகிறது. இரத்தத்தில் டி4 மிகுந்தால் தூண்டலைக் குறைத்துக்கொள்கிறது. ஆனால் கிரேவ்ஸ் நோயில், உடலில் தோன்றும் எதிர்ப்பொருள்களே டி.எஸ்.எச். செய்யும் வேலையைச் செய்துவிடுகின்றன. பிட்யூட்டரி ஓய்ந்தாலும் தைராய்டு ஓய்வதில்லை. எனவே டி4 மிகுந்தும் டி.எஸ்.எச். குறைந்தும் இருப்பது மிகைச் சுரப்பின் அடையாளம்.

பிற ஹார்மோன்களும் இதில் குறுக்கிடுவதுண்டு. கருவுற்ற முதல் மாதங்களில் நஞ்சுக்கொடி சுரக்கும் எச்.சி.ஜி., அமைப்பில் டி.எஸ்.எச்.-ஐ ஒத்திருப்பதால் தைராய்டைச் சற்றே தூண்டும். கருத்தடை மாத்திரையிலுள்ள ஈஸ்ட்ரோஜன், டி4-ஐச் சுமக்கும் புரதத்தைப் பெருக்கும். மொத்த டி4 உயர்ந்து தோன்றினாலும், வேலை செய்யும் தனித்த டி4 பெரிதும் மாறுவதில்லை.

இனிச் சத்து மாத்திரைகளைப் பார்ப்போம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். கடற்பாசி மாத்திரைகளில் அதைப்போல் பன்மடங்கு இருக்கக்கூடும். தைராய்டில் முன்பே கழலை உள்ளவர்களுக்கு அது மிகைச் சுரப்பைத் தூண்டலாம். செலினியம், கிரேவ்ஸ் நோயால் வரும் இலேசான கண் கோளாற்றில் நன்மை தந்ததாக 2011இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு காட்டியது. ஆயினும் மிகுந்தால் அதுவும் நஞ்சே.

எல்லாவற்றிலும் விந்தையானது பயோட்டின். நாள் தேவை ஏறத்தாழ 30 மைக்ரோகிராம். முடி வளர்ச்சிக்கென விற்கப்படும் சில மாத்திரைகளிலோ 10 மில்லிகிராம், அதாவது முந்நூறு மடங்குக்கும் மேல்! இது சுரப்பியை ஒன்றும் செய்வதில்லை, சோதனையைத்தான் கெடுக்கிறது. பல ஆய்வுக்கூடங்களின் சோதனை முறை, பயோட்டின் ஒரு புரதத்துடன் இறுகப் பிணைவதை நம்பியே அமைந்தது. இரத்தத்தில் மிதக்கும் பயோட்டின் அந்த இடங்களைப் பிடித்துக்கொண்டால் கருவியில் தோன்றும் ஒளி குறைகிறது. டி.எஸ்.எச். சோதனையில் ஒளி குறைந்தால் ஹார்மோன் குறைவு என்று பொருள். டி4 சோதனையில் ஒளி குறைந்தால் ஹார்மோன் மிகுதி என்று பொருள். ஆக, நலமாக இருப்பவரின் அறிக்கையும் மிகைத் தைராய்டு என்றே சொல்லும்! தேவையற்ற மருந்தை அவர் விழுங்க நேரிடலாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், பயோட்டினால் சோதனைகள் பிழைபடுவது பற்றி 2017இல் எச்சரித்தது.

வெர்னியர் அளவியின் சுழிப்பிழையைத் திருத்தாமல் விடை எழுதும் மாணவனை நாங்கள் கண்டிப்பதுண்டு. இங்கும் அதே பாடம்தான். சோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்துங்கள். அளவு மிகுதியானால் இன்னும் முன்னதாக நிறுத்த வேண்டியிருக்கும். மருத்துவர் எழுதித் தந்த மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும், வெறும் சத்து மாத்திரைதானே என்று எண்ணாமல், அவரிடம் சொல்லுங்கள்.