அண்ணாந்து பாருங்க, அங்கேதான் கூத்து!

தேவாலயத்துக்குள் நுழைந்தால் எல்லோரும் பீடத்தைப் பார்ப்பார்கள். ரசனைக்காரர்கள் வண்ணக் கண்ணாடி ஜன்னலில் சொக்கி நிற்பார்கள். நாம் இன்று அண்ணாந்து மட்டுமே பார்க்கப் போகிறோம். கழுத்து சுளுக்கினால் நான் பொறுப்பில்லை!

முதல் நிறுத்தம் மயிலாப்பூர், சாந்தோம். போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோயில் தளர்ந்து போனபோது, கூரையை மட்டும் மாற்றினால் போதும் என்று யாரும் நிற்கவில்லை. 1893இல் மொத்தத்தையும் இறக்கிவிட்டார்கள்! கேப்டன் பவர் என்ற பொறியாளர் கோதிக் பாணியில் வரைந்து கொடுக்க, 1896இல் இன்றைய பேராலயம் எழுந்துவிட்டது. முகப்புக் கோபுரம் மட்டும் 155 அடி. இயேசுவின் சீடர் தோமையாரின் கல்லறை இருக்கும் இடத்தைக் காட்ட, கூரையைத் துளைத்துக்கொண்டு இன்னொரு குட்டிக் கோபுரமும் உண்டு. நமக்கு அது அழகு. கூரை வேலைக்காரருக்கோ தலைவலி. சரிவாக இறங்கும் கூரை எங்கெல்லாம் சுவரில் முட்டுகிறதோ அங்கெல்லாம் மழைத் தண்ணீர் நின்று யோசிக்கும், பிறகு உள்ளே இறங்கும். கூப்பிடு தூரத்தில் கடல் வேறு. உப்புக்காற்று ஆணியை விட்டுவைக்குமா?

அடுத்து எழும்பூர். செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க், 1821இல் வழிபாடு தொடங்கிய ஸ்காட்லாந்துக்காரர்களின் கோயில். கட்டியவர் தாமஸ் டி ஹாவிலண்ட். அந்த மனிதருக்குக் கரையான் மேல் அப்படி ஒரு பயம். கூரையில் மரமே வேண்டாம் என்று முடிவு கட்டிவிட்டார். 16 தூண்கள், அவற்றின் மேல் ஐம்பது அடிக்கும் மேல் குறுக்களவுள்ள குவிமாடம். இவ்வளவு பெரிய மாடத்தை முழுக்கச் செங்கல்லாலேயே அடைத்தால் எடை என்ன ஆவது? செங்கல் சட்டகம் போட்டு, இடையில் சுட்ட மண் கூம்புகளைச் செருகிவிட்டார்! நீல வானமும் தங்க நட்சத்திரமும் தெரிகிறதே, அதற்குப் பின்னால் ஒளிந்திருப்பது குயவர் சங்கதி. கீழேயும் சும்மா இல்லை. களிமண் நிலம் என்பதால் நூற்றுக்கும் மேற்பட்ட கிணறுகளை இறக்கித்தான் அஸ்திவாரமே போட்டார்கள்.

செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் 1680இல் திறந்த செயின்ட் மேரிஸ் கதை வேறு. அங்கே பகை கரையான் அல்ல, பீரங்கி. குண்டு விழுந்தாலும் தாங்கட்டும் என்று கூரையை அரைவட்ட வளைவாகக் கனமாகக் கட்டினார்கள். 1758-59இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டபோது அதற்கு நிஜப் பரீட்சையே வந்தது. கூரை தேறிவிட்டது.

பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தின் கூரை 2019இல் எரிந்த பிறகு, பழையபடியே ஓக் மரத்தைக் கோடரியால் செதுக்கிக் கூரை போட்டார்கள். டி ஹாவிலண்ட் இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

சரி, குவிமாடமும் வளைவும் இல்லாத தட்டைக் கூரைகளுக்கு வருவோம். பழைய தாழ்வாரங்களிலும் பங்களாக்களிலும் மயிலாப்பூர் வீடுகளிலும் இருக்கும் மெட்ராஸ் டெரஸ்! எனக்குப் பிடித்த இடம் இதுதான். தேக்கு விட்டத்தின் மேல் குறுக்குச் சட்டங்கள். அவற்றின் மேல் பிஸ்கட் போல மெலிந்த செங்கற்களை நிமிர்த்தி, ஒரு மூலையிலிருந்து தொடங்கிக் குறுக்குச் சாய்வாக ஒட்டிக்கொண்டே போவார்கள். கீழே முட்டுப் பலகை கிடையாது! சுண்ணாம்புச் சாந்தின் பிடியிலேயே அந்தரத்தில் நிற்கும். அது காய்ந்ததும் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் அடிப்பார்கள். ஒரு நாள் இரண்டு நாள் வேலை இல்லை. கட்டை துள்ளித் திரும்பும்வரை அடி! இடையிடையே கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளிப்பார்கள். ஆமாம், பலகாரத்துக்குப் போடும் அதே வெல்லம்தான். கடைசியில் தட்டோடு பதித்துப் பூசினால் முடிந்தது.

இதை மாற்ற வருகிற நல்ல கொத்தனார் முதலில் தளத்தைப் பார்க்க மாட்டார். சாரத்தில் ஏறி, விட்டம் சுவருக்குள் நுழையும் முனையைச் சுத்தியலால் தட்டுவார். கணீரென்றால் பிழைத்தது. பொத்தென்றால் ஈரமும் கரையானும் உள்ளே குடும்பம் நடத்துகின்றன. பிறகு ஒரு பத்தியை மட்டும் பிரித்து, அதை முடித்துவிட்டுத்தான் அடுத்த பத்தியைத் தொடுவார். மொத்தத்தையும் ஒரே நாளில் திறந்துபோட்டால் ஒரு கோடைமழை போதும், உள்ளே இருக்கும் சாமானெல்லாம் குளித்துவிடும்.

இதில் வில்லன் ஒருவர் உண்டு: சிமென்ட். ஒழுகுகிறது என்றதும் மேலே ஒரு பூச்சு இழுத்துவிடுகிறார்களே, அந்தப் புண்ணியவான். மர விட்டம் கொஞ்சம் அசையும். சுண்ணாம்பு அதோடு சேர்ந்து அசைந்து கொடுக்கும், ஈரத்தையும் வெளியே விடும். சிமென்ட் விறைத்து வெடிக்கும். வெடிப்பில் இறங்கிய தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் விட்டத்தை உளுக்க வைக்கும். பழைய கூரைகளை மழையைவிட இந்த அவசர வைத்தியம்தான் அதிகம் கெடுக்கிறது என்பேன்.

மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ உங்கள் தாத்தா வீட்டு மச்சு சொட்டுகிறதா? சிமென்ட் மூட்டை வாங்க ஓடாதீர்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒருவரைத் தேடிப்பிடித்து விட்டத்தின் முனையைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் சொல்லுங்கள்.