கழன்ற கொடியைக் கட்டிவிடுங்கள்!

சகோதரிகளே, வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். எனக்கு நாக்கு நீளம். இந்த லெந்து நாட்களில் இறைச்சியை விடுவதைவிட, மருமகளைக் கடிந்து பேசுவதை விடுவது என்று சாம்பல் புதனன்று தீர்மானம் செய்தேன்.

ஒன்பதாம் நாள், அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. "உங்கம்மா இதைக்கூடச் சொல்லித் தரலியா?" என்று கேட்டுவிட்டேன்! அவள் பதில் பேசவில்லை. மூன்று நாள் வீட்டில் ஒரே மௌனம். 'விரதம்தான் முறிஞ்சு போச்சே, இனி எதுக்கு?' என்று எனக்கும் அலுத்துவிட்டது.

அந்த வாரம்தான் உறவினர் வீட்டு விசேஷத்துக்காகக் கொல்லிமலை போக நேர்ந்தது. 70 கொண்டை ஊசி வளைவுகள்! தலைசுற்றலோடு இறங்கினேன்.

அந்த மலையில் உழைத்த ஈவ்லின் பிராண்ட் அம்மையாரைப் பற்றி முன்பே படித்திருக்கிறேன். லண்டனில் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். 1913-ல் கணவர் ஜெஸ்ஸியோடு இங்கே குடியேறினார். மருந்து கொடுத்தார்கள், பள்ளி நடத்தினார்கள். ஆனாலும் முதல் சில ஆண்டுகளில் அவர்கள் எதிர்பார்த்தபடி யாரும் சபையில் சேரவில்லை. 1918-ல் விஷக்காய்ச்சல் பரவியபோது கஞ்சி காய்ச்சி வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 1929-ல் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்தார். அம்மையாரோ ஓய்வு பெற்ற பிறகும் மலைக்கே திரும்பி வந்தார். இடுப்பெலும்பு முறிந்த பின்னும் மட்டக்குதிரையில் ஏறி ஊர் ஊராகப் போனார். 1974-ல், 95 வயதில்தான் அந்த உழைப்பு ஓய்ந்தது. வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கிய டாக்டர் பால் பிராண்ட் இவருடைய மகன்தான்.

'அவங்க எங்கே, நான் எங்கே!' என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனேன். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி கட்டிக்கொண்டிருந்தார் ஒரு பாட்டி.

"எப்போ காய்க்கும், பாட்டி?"

"மூணு வருசம் ஆகும் கண்ணு."

"நடுவிலே கொடி கழன்று விழுந்தா?"

பாட்டி சிரித்தார். "விழுந்தா புடுங்கியா போடுவாங்க? திரும்பக் கட்டி வுடறதுதான்."

எனக்குச் சுருக்கென்றது.

வீடு திரும்பியதும் நேரே சமையலறைக்குப் போனேன். "அன்னிக்குச் சொன்னது தப்பும்மா," என்றேன். "பரவாயில்லை அத்தே," என்றாள். முகம் முழுதாகத் தெளியவில்லை. அதுவும் நியாயம்தானே?

அன்றிலிருந்து, தவறிய நாளில் காலண்டரில் ஒரு புள்ளி வைப்பேன். அன்றிரவே ஆண்டவரிடமும் அவளிடமும் மன்னிப்புக் கேட்பேன். ஞாயிறுகளைக் கழித்தால் லெந்து 40 நாட்கள். எனக்குப் பதினொரு புள்ளிகள்! ஆனால் கடைசி இரண்டு வாரத்தில் இரண்டே புள்ளிதான்.

நீங்களும் ஒரே ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தையும் ஒன்றாகப் பிடித்தால் ஒன்றும் நிற்காது. உபவாசம் இருப்பதானால் உடம்பையும் பாருங்கள். நீரிழிவுக்கு மருந்து சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் பட்டினி கிடக்க வேண்டாம்; அவர்கள் வேறொன்றைத் துறக்கலாமே!

ஈஸ்டர் அன்று காலை மறுபடியும் பால் பொங்கி வழிந்தது. இந்தத் தடவை அடுப்பருகில் நின்றது நான்! மருமகள் என்னைப் பார்த்தாள். "உங்கம்மா..." என்று ஆரம்பித்தவள், முடிக்காமலே சிரித்துவிட்டாள். நானும்தான்.